ஒன்றாம் ஷெட், மூன்றாம் வரிசை

அந்தச் சித்திரையில் மழை இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் சேர்வராயன் மலைப்பக்கம் இடி மட்டும் கேட்டது. அதைக் குறித்து வைத்திருக்கிறேன். எந்த நாளில் எது நடந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உண்டு. பனமரத்துப்பட்டி ஏரிக்கு எந்த மாதம் தண்ணீர் வந்தது, எங்கள் தெருவுக்கு முதல் மாம்பழ வண்டி எந்தக் கிழமை வந்தது என்பது மாதிரியானவை. பெரிய சங்கதிகளின் தேதிகளை எழுத ஆள் இருக்கிறார்கள், மற்றவற்றை யாராவது எழுத வேண்டுமே என்று நினைப்பேன். இதை எழுதவும் அந்தப் பழக்கம்தான் காரணம். எழுதினால் ஏதாவது குறையும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டுக்கு ஏறுகிற பஸ்கள் கியர் மாற்றும் சத்தம் கேட்கும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். புத்தகங்கள் அல்ல. கிரைண்டருக்கான கையேடு, செல்போன் செயலியில் வரும் வாக்கியங்கள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், இப்படி. வெளியூர் நிறுவனம் ஒன்று கோப்புகளை அனுப்பும். நான் செய்து திருப்பி அனுப்புவேன்.

இந்த வேலைக்கென்று ஒரு மென்பொருள் உண்டு. திரையின் இடப்பக்கம் ஆங்கில வாக்கியம் இருக்கும், வலப்பக்கம் நான் தமிழை எழுத வேண்டும். ஆங்கில வாக்கியத்துக்குள் ஆங்காங்கே சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் தெரியும். அவற்றை டேக் என்போம். ஒரு டேக் எழுத்தைத் தடிமனாக்கும். இன்னொன்று சிவப்பாக்கும். வேறு சில, காலி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு இயந்திரம் அந்த இடத்தில் ஓர் எண்ணையோ பெயரையோ தானே போட்டுக்கொள்ளும். ஒரு டேக்கைக்கூட விட்டுவிடக் கூடாது. விட்டால் கோப்பு முடிந்ததாக மென்பொருள் ஒத்துக்கொள்ளாது. அரிசியில் கல் பொறுக்குவது எல்லோருக்கும் தெரியும். பொறுக்கிய கல்லை எல்லாம் சோறு வெந்த பிறகு அதனதன் இடத்தில் திரும்ப வைப்பது எப்படி இருக்கும்? என் வேலை அப்படித்தான் இருக்கும்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு கோப்பு வந்தது. கோழிப்பண்ணையில் மாட்டும் கட்டுப்பாட்டுப் பேனல் ஒன்றின் திரைக்கான வாக்கியங்கள். நாமக்கல் பக்கம் இப்போது மூடிய ஷெட்டுகள் பெருகிவிட்டன. நான்கு பக்கமும் அடைத்து, ஒரு முனையில் தண்ணீர் ஒழுகும் அட்டைச் சுவரும் மறுமுனையில் ஆளுயர மின்விசிறிகளும் வைத்துக் காற்றை இழுப்பார்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே கோழிக்குத் தெரியாது. பேன் ஓடுகிறவரைதான் அந்தச் சுகம். சித்திரை மதியத்தில் பேன் நின்றால் ஷெட் அடுப்பாகிவிடும். எந்த ஷெட்டில் எந்தப் பேன் நின்றது என்று பேனல் அலாரம் அடித்துத் திரையில் ஒரு வாக்கியமும் காட்டும். அந்த வாக்கியத்தைத்தான் நான் தமிழில் எழுத வேண்டும்.

அதில் இரண்டு டேக்குகள் இருந்தன. ஆங்கிலத்தில் பேன் வரிசையின் எண் முதலில் வரும், ஷெட்டின் எண் பின்னால் வரும். தமிழில் அப்படி எழுதினால் வாக்கியம் நொண்டும். அதோடு, அலாரம் கேட்டு ஓடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்த ஷெட் என்பதுதான். இரண்டாவது கட்டத்தைத் தூக்கி முன்னால் வைத்தேன். ‘இத்தனையாம் ஷெட்டில் இத்தனையாம் வரிசைப் பேன்கள் நின்றுவிட்டன.’ அப்படியே அனுப்பினேன்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் சேந்தமங்கலம். ஊருக்கு வெளியே, கொல்லிமலை நேர் எதிரே நிற்கும் மேட்டு நிலத்தில் அவர்களுடைய கோழிப்பண்ணை. மாப்பிள்ளை பழைய திறந்த ஷெட்டுகளை இடித்துவிட்டு மூன்று மூடிய ஷெட்டுகள் கட்டினார். ஒவ்வொன்றிலும் மூன்று வரிசைப் பேன்கள். முதல் ஷெட் ரோட்டோரம், மூன்றாவது ஷெட் நிலத்தின் மறுகோடியில். நடுவில் தென்னந்தோப்பு. பேனல் வாங்கும்போது எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்டார்கள். நான் தமிழாக்கிய பேனலையே சொன்னேன். காரணம் இருந்தது. மாப்பிள்ளை பகலில் பாதி நேரம் தீவன மில்லிலும் முட்டை லாரி பின்னாலும் இருப்பார். பகல் முழுக்கப் பண்ணையைப் பார்ப்பது தங்கைதான். அவளுக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும். முட்டை பொறுக்க ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன, ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத அவர்களுக்கு அந்தத் திரையும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். பண்ணைக்குள்ளேயே இருந்த வீட்டில், சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் பேனலை மாட்டினார்கள். மாட்டிய அன்று தங்கை எனக்குப் போன் செய்து திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். என் வேலையை வீட்டில் யாரும் அதுவரை படித்ததில்லை.

சித்திரை இரண்டாவது செவ்வாய்க்கிழமை அதே பேனலுக்கு இன்னும் கொஞ்சம் புதிய வாக்கியங்கள் வந்தன. பழையவற்றைப் பார்த்து அதே சொற்களைப் போட வேண்டும் என்பதற்காக, முன்பு செய்தவை ஓரத்தில் தெரியும். அலாரம் வாக்கியத்தைப் பார்த்தேன். சொற்கள் என்னுடையவைதான். கட்டங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. முதல் எண் முன்னால், இரண்டாம் எண் பின்னால், ஆங்கிலத்தில் இருந்த வரிசைப்படி. நான் அனுப்பிய பிறகு யாரோ ‘டேக்குகள் மூலத்தின் வரிசையில் இல்லை’ என்ற எச்சரிக்கையைப் பார்த்து, தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தியதும் எச்சரிக்கை மறைந்திருக்கும். ஒன்றாம் ஷெட்டில் மூன்றாம் வரிசை நின்றால், தங்கை வீட்டுத் திரை மூன்றாம் ஷெட்டில் ஒன்றாம் வரிசை என்று சொல்லும். சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்களா என்று யோசித்தேன். சோதித்திருப்பார்கள், ஒன்றாம் ஷெட் ஒன்றாம் வரிசை என்று போட்டு. மாறினாலும் தெரியாது.

கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களை நான் விரும்பிப் படிக்கிறவன். கல்லில் சொல் இடம் மாறினால் பின்னால் வருகிற ஆய்வாளர்கள் குழம்புவார்கள், நான்கு கட்டுரை எழுதுவார்கள். இது கல் இல்லை. இதைப் படித்துவிட்டு என் தங்கை ஓடுவாள்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பெண்தான் எடுத்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், எங்க சைடுல எரர் ஜீரோன்னு காட்டுது” என்றார். நான் விளக்கினேன். பேனையும் ஷெட்டையும் சொன்னேன், வெயிலைச் சொன்னேன், கோழி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் அது அவர் கையில் இல்லை. புகாராகப் பதிவு செய்கிறேன், வாடிக்கையாளர் நிறுவனம் அடுத்த முறை மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மாறும், அதற்கு ஆடி, ஆவணி ஆகிவிடலாம் என்றார். பேனல் கம்பெனியின் சர்வீஸ் ஆளிடம் மாப்பிள்ளையைப் பேசச் சொன்னேன். எழுத்தை மாற்றுவது எங்கள் வேலை இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கே ராசிபுரம் வழியாகச் சேந்தமங்கலம் போனேன். வாசலில் காலை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, போனை அங்கிருந்த தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். ஷெட்டுக்குள் திடீரென்று போன் அடித்தால் கோழி மிரண்டு கூண்டில் மோதும், அன்றைய முட்டை கெடும் என்று அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இது ஒரு கட்டுப்பாடு. தங்கையின் போனும் பகலில் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கும். மூன்று பேரும் பேனல் முன்னால் நின்றோம். நடந்ததைச் சொன்னேன். ஆடிவரை பொறுக்க முடியாது, அதுவரை திரையில் வருவதை மாற்றிப் படித்தால் போதும் என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். “ஏனுங்க மச்சான், நீங்க எழுதுன தமிழ நீங்களே தலைகீழாப் படிக்கச் சொல்றீங்க. அப்ப மத்ததெல்லாம் நேராப் படிக்கலாமுங்களா?”

தங்கை அவரை அடக்கினாள். “சும்மா இருங்க நீங்க. அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மொத நம்பரு வரிசை, ரெண்டாவது நம்பரு ஷெட்டு. அவ்வளவுதானுங்களே அண்ணா?”

அவ்வளவுதான் என்றேன்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மறுநாளே மாப்பிள்ளையை ஒவ்வொரு ஷெட்டிலும் ஒவ்வொரு வரிசையாக ஒரு நொடி நிறுத்தச் சொல்லிப் பழகிப் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை நிஜமாகவே ஒரு வரிசை நின்றது. திரையைப் பார்த்தவள் ஒரு கணம்கூடத் தயங்காமல் சரியான ஷெட்டில் போய் நின்றாள். சாயங்காலம் போனில் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. எனக்கு அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தங்கை ஒருத்திக்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பேனலை மாட்டிய மற்ற பண்ணைகளுக்கு யார் சொல்வார்கள்? பரமத்தி, மோகனூர், புதுச்சத்திரம் என்று எங்கெங்கேயோ அது சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் அந்தப் பெண்ணுக்கு மெயில் எழுதினேன். மதியம் போன் செய்தேன். ஒரு கட்டத்தில் என் எண்ணைப் பார்த்ததும் அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுதினேன். அவருக்கும் மேலே இருப்பவருக்கு எழுதினேன். பேனல் கம்பெனியின் பொது முகவரிக்கு, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக, படம் போட்டு விளக்கி அனுப்பினேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மாடி அறையில் கரண்ட் போய் என் தலைக்கு மேலே மின்விசிறி நிற்கும் ஒவ்வொரு தடவையும், அது மறுபடி சுற்றும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன், அந்தப் பெண்ணிடமிருந்து மெயில் வந்திருந்தது. மகிழ்ச்சியான மெயில். என் விடாமுயற்சிக்கு நன்றி சொல்லியிருந்தார். விஷயத்தின் அவசரத்தைப் புரிந்துகொண்டு கம்பெனி ஆடிவரை காத்திருக்காமல் இன்று காலையே திருத்தத்தை எல்லாப் பேனல்களுக்கும் இணையம் வழியாக அனுப்பிவிட்டது. டேக்குகள் இப்போது நான் வைத்த இடத்தில் இருக்கின்றன. இனி நான் நிம்மதியாக இருக்கலாம்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்காரும்போதுதான் மற்றது உறைத்தது. திரை நேராகிவிட்டது. தங்கை இன்னும் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். அது தகரப் பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. மாப்பிள்ளையின் போன் வேறு ஒரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யாருடைய எண்ணாவது என்னிடம் இருக்கிறதா என்று தேடினேன். எத்தனையோ நாள்களின் சங்கதிகளை எழுதி வைத்திருக்கிறேன். அந்த மேட்டு நிலத்தில் இன்னொருவரின் போன் எண் என்னிடம் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ராசிபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இந்நேரம் ஒரு பேனும் நின்றிருக்காது, பேய் பிடித்தவன் மாதிரி ஓடுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் டிரைவர் டீக்கு நிறுத்தினார். நான் எழுந்து போய் அவசரம் என்றேன். யாருக்கு முடியலை என்று கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மல்லூர் தாண்டும்போது தங்கையின் போன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். மூச்சு வாங்கியது.

“அண்ணா, அலாரம் நிக்கவே மாட்டேங்குதுங்ண்ணா. மூணாவது ஷெட்டுன்னு காட்டுது. ரெண்டு வாட்டி ஓடிப் பாத்துட்டேன், அங்க எல்லாப் பேனும் ஓடுது. நிறுத்திட்டு வந்தா மறுபடி அடிக்குது. போன எடுத்துட்டு வந்து பேனல் முன்னாலதான் நிக்கறேன்.”

“திரையில என்ன இருக்குது? இருக்கறத அப்படியே படி.”

“ஒன்றாம் ஷெட்டில் மூன்றாம் வரிசை.”

“ஒன்னாவது ஷெட்டுக்கு ஓடு சாமி. நேராப் படிக்கணும். இப்ப நேராப் படிக்கணும்.”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன் எதன் மேலோ விழும் சத்தம் கேட்டது. துண்டிக்கவில்லை. அலாரம் அடிப்பது எனக்குத் தொடர்ந்து கேட்டது. போனைக் காதில் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தறிக்கூடங்கள் போயின, மரவள்ளிக் காடுகள் போயின. ராசிபுரம் வருவதற்கு வெகு முன்பே அலாரம் நின்றது. நின்றதும் அதுவரை இருந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒன்றாம் ஷெட்டின் சுவரில் தானாகக் கீழே விழுந்திருந்த ஒரு பிரேக்கர் சுவிட்சை மேலே தள்ள வேண்டும். அவள் போய்த் தள்ளினாள். பேன்கள் ஓடின. ஆனால் அதற்குள் அந்தப் பக்கத்துக் கூண்டுகளில் காற்று நின்று வெகு நேரமாகியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் வந்திருந்தார். கூண்டுக் கம்பிகளுக்கு வெளியே கழுத்துகள் தொங்கின. வாய் திறந்தபடி, இறக்கையை விரித்தபடி. பேன்களின் இழுப்பில் செத்த கோழிகளின் இறகு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாதிக்குமேல் பிழைத்திருந்தன, அவை இரைத்துக்கொண்டு நின்றன. பிழைத்தவற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே செத்தவற்றை வெளியே எடுத்தார்கள். ஒடிசாக்காரர்கள் சாக்குகளில் சுமந்தார்கள். நானும் சுமந்தேன். செத்த பிறகும் அவற்றின் உடம்பு சுட்டது. தோப்பின் ஓரத்தில் ஜேசிபி குழி தோண்டியது, சுண்ணாம்பு மூட்டைகள் வந்தன. ஒரு கூண்டில் செத்த கோழிக்கு அடியில் அன்றைய முட்டை உடையாமல் இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுக் குழிக்குள் போட்டார்.

அவர் கேலி செய்வார், திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் என்னிடம் வந்து, சாப்பிட்டீங்களா மச்சான் என்று மட்டும் கேட்டார்.

தங்கை பேனல் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓடி ஓடி ஒரு காலில் செருப்பு அறுந்திருந்தது. திருத்தம் எப்படி வந்தது, யார் அனுப்பினார்கள், எனக்கே எப்போது தெரிந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். தப்பு எங்கே என்று தேடுவது என் சுபாவம். அந்தப் பெண் தப்புச் செய்யவில்லை, கம்பெனி திருத்தியது தப்பில்லை, திருத்தச் சொல்லி நச்சரித்தது தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

“தமிழ எடுத்துருங்கண்ணா” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை.

“இங்கிலீசு வெச்சுருங்க. நம்பரு எனக்குத் தெரியும். எழுத்து தெரிஞ்சதுனாலதான் நான் நின்னு படிச்சேன், படிச்சு மாத்துனேன். இங்கிலீசுல எது மொதல்ல வருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

இங்கிலீஷில் முதலில் வருவது வரிசை, கடைசியில் வருவது ஷெட். ஒன்றரை வாரமாக அவள் பழகி வைத்திருந்த அதே ஒழுங்கு. இனி எதையும் மாற்றிப் பழக வேண்டாம். அவள் கேட்டது மிகச் சரியானது.

பேனலின் அமைப்புகளுக்குள் போனேன். பட்டியலில் எல்லாமே என் சொற்கள். ‘வெப்பம்’, ‘ஈரப்பதம்’, ‘அலாரம்’, ‘மொழி’. மொழியைத் தொட்டேன். திரை ஒரு கேள்வி கேட்டது: ‘மொழியை மாற்ற வேண்டுமா? ஆம் / இல்லை.’ இதை எழுதியது எனக்கு நினைவிருந்தது. எளிய வாக்கியம், டேக் எதுவும் இல்லாதது. ‘மாற்ற விரும்புகிறீர்களா’ என்று முதலில் எழுதி, பண்ணை வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள் என்று அடித்துவிட்டு இப்படி மாற்றியிருந்தேன். தங்கை எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

திரை ஒரு தடவை இருண்டு, ஆங்கிலத்தில் வந்தது. மாப்பிள்ளை ரோட்டோர ஷெட்டுக்குப் போய், நடு வரிசையைச் சோதனைக்காக நிறுத்தினார். அலாரம் அடித்தது. தங்கை எழுத்துகளைப் பார்க்கவில்லை. கடைசியில் இருந்த எண்ணை மட்டும் விரலால் தொட்டாள்.

“ஒன்னாவது ஷெட்டு.”

“ஆமா.”

“இது மாறாதுங்களே அண்ணா?”

வெளியே ஜேசிபி குழியை மூடிக்கொண்டிருந்தது. மாறாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்றைக்கு என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. அவள் அலாரத்தை நிறுத்திவிட்டு, அறுந்த செருப்பை அங்கேயே விட்டு வெறுங்காலோடு ஒன்றாம் ஷெட்டைப் பார்க்கப் போனாள்.